7. பாய்மரத்துக்குள் முறிந்துபோன டேப்

பாய்மரப் படகின் அலுமினிய மரத்தில் ஒரு கிளீட்டோ வின்ச்சோ மாட்ட ஓட்டை போட்டு மரை வெட்டும்போது, கடைசிச் சுற்றில் 'டக்' என்று டேப் முறியும். பாதி கைப்பிடியில் இருக்கும், மீதி மரத்துக்குள். டிரில் பிட்டும் இப்படி முறிவதுண்டு. பழைய போல்ட்டைக் கழற்றப் போட்ட ஈஸி அவுட் முறிந்தால் பாடு இன்னும் அதிகம். இந்த அத்தியாயம் அந்த உள்ளே நிற்கும் துண்டைப் பற்றியது.

வேலையின் சிக்கலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். உள்ளே இருப்பது கடினம், சுற்றி இருப்பது மென்மை. டேப் செய்யப்படும் ஹை ஸ்பீட் ஸ்டீலைச் சாதாரண டிரில் பிட் கீறக்கூட முடியாது, ஏனென்றால் பிட்டும் அதே உலோகம். பலத்தைக் காட்டினால் விட்டுக்கொடுப்பது எப்போதும் அலுமினியம்தான். டேப்பின் விலை சில நூறு ரூபாய். மரத்தின் விலையை நீங்களே அறிவீர்கள்.

முதலில் கையை எடுங்கள்

முறிந்த அடுத்த ஐந்து நிமிடத்தில் செய்யும் வேலைதான் பெரும்பாலான மரங்களைக் கெடுக்கிறது. பதற்றத்தில் சுத்தியலை எடுத்து ஒரு தட்டு, பிளையரால் ஒரு திருகு, டிரில்லைப் போட்டு நடுவில் ஓர் அழுத்து. டிரில் பிட் எஃகின் மேல் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்துக்குள் இறங்கும். 6 மி.மீ. ஓட்டை அவரைக்காய் வடிவத்துக்கு மாறிவிடும்.

அதனால் கருவிகளைக் கீழே வையுங்கள். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

கேள்வி ஒன்று: முறிந்தது எது?

*டேப்.* மேலிருந்து பார்த்தால் மூன்று அல்லது நான்கு பள்ளங்கள் தெரியும். அந்தப் பள்ளங்கள்தான் பிடிமானம் தரும். கைவசம் மிச்சமிருக்கும் முறிந்த மேல்பாதியைத் தூக்கி எறியாதீர்கள். உள்ளே எவ்வளவு நீளம் நிற்கிறது, பள்ளங்கள் எத்தனை என்பதை அதுவே சொல்லும்.

*டிரில் பிட்.* இது மரையில் சிக்கவில்லை, இறுகி மட்டுமே நிற்கிறது. சுவரைத் துளைத்து மறுபக்கம் எட்டிப்பார்க்கும் கணத்தில் அலுமினியம் பிட்டைக் கவ்வும், பிட் முறியும். இருப்பதில் சுலபமானது இது.

*ஈஸி அவுட்.* துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுக்குள் நிற்கும் கடின எஃகு. போல்ட் மரத்தோடு இறுகியிருந்ததால்தானே அது முறிந்தது? ஆகவே இங்கே பிரச்சினை இரண்டு அடுக்கு.

*கார்பைடு.* முறிந்த முகம் சாம்பல் நிறத்தில், மணல்மணலாக இருந்து, காந்தமும் மெல்லத்தான் இழுத்தால் கார்பைடாக இருக்கலாம். கடினம் மிக அதிகம், ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். கீழே சொல்லும் படிகார வழி இதற்குப் பலிக்காது.

கேள்வி இரண்டு: ஓட்டை எங்கே போய் முடிகிறது?

30 அடிப் படகு ஒன்றின் மரச்சுவர் பெரும்பாலும் 3 மி.மீ. கனத்தை ஒட்டியே இருக்கும். உள்ளே வெற்றிடம். அங்கே முறிந்த துண்டின் நுனி ஏற்கெனவே உள்வெளியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை வெளியே இழுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உள்ளே தள்ளலாம்.

மரத்தின் உச்சியிலும் அடியிலும் இருக்கும் வார்ப்புகள், இரண்டு குழாய்களை இணைக்கும் உட்சட்டை, பூமின் முனைவார்ப்பு ஆகியவற்றில் அலுமினியம் கனமாக இருக்கும். ஓட்டை நடுவழியில் முடிந்துவிடும். அங்கே தள்ள இடமில்லை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் எந்த வழியையும் தொடங்கக் கூடாது.

இறக்குவதா, ஏறுவதா?

முடிந்தால் மரத்தை இறக்கிவிடுங்கள். மெத்தை சுற்றிய தாங்கிகளில் கிடத்திவிட்டால் வேலை பாதியாகக் குறையும். ஓட்டையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்பிக்கொள்ளலாம், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். டெக்கில் நின்றபடி எட்டும் உயரமென்றால் நிற்கும் மரத்திலேயே செய்யலாம்.

மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்றால்:

1. இரண்டு ஹாலியார்டுகள் வேண்டும். ஒன்று தூக்க, மற்றொன்று தனியாகப் பிடித்திருக்க. இரண்டையும் போசன் சேரில் நேரடியாக முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். ஸ்நாப் ஷாக்கிளை நம்பி உயிரைத் தொங்கவிடாதீர்கள்.
2. ஒவ்வொரு கருவிக்கும் கயிறு கட்டி அதைச் சேரோடு இணையுங்கள். 12 மீட்டரிலிருந்து விழும் சென்டர் பஞ்ச் டெக்கைத் துளைக்கும், தலையை விட்டுவைக்காது.
3. மரத்தின் அடியில் யாரும் நிற்கக் கூடாது. கயிறு பிடிப்பவர் தள்ளி நிற்கட்டும், தலைக்கவசத்தோடு.
4. மேலே இருந்துகொண்டு கீழே உள்ள வழிகளில் முதல் இரண்டை மட்டுமே முயலுங்கள். அரைப்பதும் கரைப்பதும் தரையில் செய்யும் வேலை.

உயரம் எதுவானாலும் கண்ணாடி கட்டாயம். வெயில் கண்ணாடியோ பவர் கண்ணாடியோ போதாது, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். முறியும் டேப் ஊசிமுனைத் துண்டுகளாகச் சிதறும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

வேலை தொடங்குமுன் மரத்துக்குள் ஓடும் கயிறுகளையும் மின்கம்பிகளையும் ஒரு பக்கமாக இழுத்துக் கட்டிவிடுங்கள். மின்சாரத்தை பேட்டரி சுவிட்சில் நிறுத்திவிடுங்கள்.

வழி 1: வந்த வழியே திருப்புதல்

1. ஓட்டையில் இருக்கும் அலுமினியத் துகள்களை ஊசியாலும் சிரிஞ்சில் பீய்ச்சும் மண்ணெண்ணெயாலும் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் டேப்பை இறுக்கிப் பிடித்திருப்பது பள்ளத்தில் அடைந்த இந்தத் துகள்தான்.
2. ஊடுருவும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.
3. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சிறிய வைஸ் கிரிப்பால் பிடியுங்கள். நீட்டவில்லை என்றால் டேப் எக்ஸ்ட்ராக்டர் தேவை. அதன் எஃகு விரல்கள் டேப்பின் பள்ளங்களுக்குள் இறங்கும். டேப்பின் அளவும் பள்ளங்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும்.
4. நேராகக் கழற்றப் போகாதீர்கள். இடமும் வலமுமாக நூலளவு அசையுங்கள். அசைவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகும். பெருகாவிட்டால் மீண்டும் எண்ணெய்.
5. அசைந்த பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றி எடுங்கள்.

மெல்லிய சுவரில் ஒரு சலுகை உண்டு. டேப்பின் கூம்பிய முனை முழுவதும் சுவரைத் தாண்டிப் போயிருந்தால் மரை ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது. அப்போது பின்னால் வராத டேப் முன்னால் சுலபமாகச் சுற்றும். சுற்றி உள்ளே விழவிடுங்கள், பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

விரல்கள் வளையத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். எக்ஸ்ட்ராக்டரின் விரலும் உள்ளே முறிந்தால் வேலை இரட்டிப்பாகும்.

*இறுகிய போல்ட்டுக்கு ஒரு குறிப்பு.* சூடேறும்போது அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும். ஹீட் கன்னால் சுற்றுப்புறத்தைச் சூடாக்கினால் பிடி தளரும். ஆனால் 150 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். மரத்தின் வலுவே ஏறக்குறைய 160 முதல் 180 டிகிரியில் பதப்படுத்திக் கிடைத்தது, அதற்கு மேல் போனால் அந்த வலு இறங்கும். காஸ் டார்ச் பக்கமே போக வேண்டாம். இரும்புபோல் அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, நிறம் மாறாமல் இருந்துவிட்டுத் திடீரென்று உருகிச் சரியும். உள்ளே மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையும் சத்தத்தைக் குறைக்கும் ஃபோமும் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழி 2: உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு எடுத்தல்

மெல்லிய சுவருக்கு என் முதல் தேர்வு இதுதான். டிரில் பிட் முறிந்திருந்தால் வேறு வழியைத் தேடவே வேண்டாம்.

1. உள்ளே ஓடும் எல்லாக் கயிறுகளையும் மெல்லிய வழிகாட்டிக் கயிறு கட்டி வெளியே உருவிவிடுங்கள். இரும்புத் துண்டு கயிறுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் உரசி உரசி நாரை அறுத்துவிடும்.
2. ஓட்டையைவிட மெல்லிய, தட்டைமுனைப் பஞ்ச் எடுத்துக்கொள்ளுங்கள். முனை கூராக இருந்தால் துண்டைப் பிளந்து பக்கவாட்டில் ஆப்புபோல் இறுக்கிவிடும்.
3. சுவருக்கு எதிர்ப்பக்கம் கட்டை வைத்து ஒருவர் தாங்கட்டும். இல்லையென்றால் சுவரில் குழி விழும்.
4. சின்னச் சுத்தியலால் சிறு தட்டுகள், ஒவ்வொன்றும் நேராக. டிரில் பிட் நாலு தட்டில் விழும்.
5. டேப் என்றால் வெட்டிய மரையைப் பிய்த்துக்கொண்டுதான் விழும். அதற்குக் கவலைப்படாதீர்கள். எம்6 மரை பிய்ந்த ஓட்டை ஏறக்குறைய 6 மி.மீ. இருக்கும். எம்8 டேப்புக்கு முன்னோட்டை 6.8 மி.மீ. வேண்டும். ஆக, ஓட்டையைச் சீராக்க இன்னும் இடம் இருக்கிறது.

விழுந்ததை உள்ளேயே விட்டுவிடக் கூடாது. படகு ஆடும்போதெல்லாம் கடகடக்கும் என்பது சின்னத் தொல்லை. அடியில் போய்த் தங்கி, உப்புநீரில் துருப்பிடித்து, அலுமினியத்தை அரிக்கும் என்பதுதான் பெரிய தொல்லை.

எடுக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. அலுமினியம் காந்தத்தை மறைக்காது. வலுவான நியோடிமியம் காந்தத்தைத் துணியில் சுற்றி வெளிச்சுவரில் வைத்தால் உள்ளே கிடக்கும் எஃகுத் துண்டு சுவரோடு வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படியே மெல்ல நகர்த்தி, கயிறு வெளிவரும் வாய்க்கோ கழற்றிய அடிவார்ப்பின் வாய்க்கோ கொண்டுவாருங்கள். திசைகாட்டிக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் அருகில் மட்டும் அந்தக் காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் துண்டென்றால் காந்தம் இழுக்காது. மரத்தைச் சாய்த்து உலுக்கித்தான் எடுக்க வேண்டும்.

வழி 3: படிகாரம்

கனமான வார்ப்பில், நடுவழியில் முடியும் ஓட்டையில் முறிந்த டேப்புக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. சவரம் செய்த கன்னத்தில் தடவும் அதே படிகாரம்தான், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பித்தளைத் தட்டில் முறிந்த எஃகுத் திருகாணியை எடுக்க நெடுங்காலமாக இதைப் பயன்படுத்துகிறார்கள். படிகாரக் கரைசல் லேசான அமிலம். இரும்பைக் கரைக்கும், அலுமினியத்தை ஏறக்குறையத் தொடாது.

மூன்று நிபந்தனைகள். முறிந்தது சாதாரண எஃகாகவோ ஹை ஸ்பீட் ஸ்டீலாகவோ இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகும் கார்பைடும் கரையாது. அந்த வார்ப்பைக் கழற்ற முடிந்தால் நல்லது. அவசரம் கூடாது.

1. வார்ப்பைக் கழற்றி, அதிலுள்ள எஃகுப் பாகங்கள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். படிகாரத்துக்கு வேண்டிய எஃகு, வேண்டாத எஃகு என்ற பேதம் தெரியாது.
2. ஓட்டையில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் தின்னரால் கழுவுங்கள். எண்ணெய் இருந்தால் கரைசல் எஃகைத் தொடவே தொடாது. "படிகாரம் வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலர் விட்ட இடம் இதுதான்.
3. கண்ணாடி அல்லது எனாமல் பாத்திரம் எடுங்கள். இரும்பு வாணலி கூடாது. அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.
4. குடிதண்ணீரைச் சூடாக்கி, பொடித்த படிகாரம் கரையும்வரை போடுங்கள். அறைச்சூட்டில் 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 14 கிராம்தான் ஏற்கும், சூடேற ஏற்கும் அளவு பல மடங்காகும். உப்புக் கரிக்கும் ஆழ்துளைத் தண்ணீர் வேண்டாம், அந்த உப்பு அலுமினியத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிக்கும்.
5. ஓட்டையின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி வார்ப்பை மூழ்க வைத்து, கொதிக்காமல் சிம்மில் சூடாக வையுங்கள். சிறிது நேரத்தில் ஓட்டையிலிருந்து நுண்ணிய குமிழிகள் வரிசையாக எழும். வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.
6. அவ்வப்போது ஊசியால் கருப்பு வண்டலைக் கிளறிவிடுங்கள். தண்ணீர் வற்றினால் சுடுநீர் சேருங்கள். கரைசல் கலங்கிக் குமிழி அடங்கினால் புதுக் கரைசல் மாற்றுங்கள்.
7. துண்டு மெலிந்து ஆடத் தொடங்கியதும் குறடால் எடுத்துவிடலாம். முழுவதும் கரையக் காத்திருக்க வேண்டியதில்லை.
8. சமையல் சோடா கலந்த நீரிலும் பிறகு நல்ல தண்ணீரிலும் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள்.

சிறிய டேப் சில மணி நேரத்தில் போகும். எம்6, எம்8 என்றால் ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். எழும் குமிழி ஹைட்ரஜன், தீப்பற்றக்கூடியது. ஆகவே மின் அடுப்பில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். படகின் கேபினுக்குள் வேண்டாம்.

கழற்ற முடியாத இடமென்றால் ஓட்டையைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடும் கிளேயால் அணை கட்டிச் சூடான கரைசலை ஊற்றி, ஆற ஆற மாற்றிக்கொண்டே இருக்கலாம். பல நாள் இழுக்கும். சுவரைத் தாண்டிய ஓட்டையில் கரைசல் உள்ளே ஒழுகும், அங்கே வழி 2 இருக்கும்போது இதை ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்?

வழி 4: அரைத்தல், பொறியால் அரித்தல்

கார்பைடு உருண்டை முனையோ வைர முனையோ போட்ட சிறு கிரைண்டரால் டேப்பின் நடுத்தண்டை மட்டும் அரைத்தால் ஓரப்பற்கள் தனித்தனியாகக் கழன்று விழும். சுற்றுப்புறத்தை ஒட்டுநாடாவால் மறைத்துக்கொள்ளுங்கள். கை ஆடினால் அலுமினியம் போய்விடும், பொறுமை இல்லாதவர் தொடக் கூடாத வேலை. ஈஸி அவுட் முறிந்த போல்ட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் கதி. ஈஸி அவுட்டை அரைத்து எடுத்த பிறகு போல்ட்டை நடுவிலிருந்து படிப்படியாகப் பெரிய பிட்டுகளால் துளைக்க வேண்டும்.

வார்ப்பைக் கழற்ற முடிந்தால் அச்சுப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பார்க் எரோஷனில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அம்பத்தூர், கிண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் இது அன்றாட வேலை. மின்பொறி டேப்பின் நடுவை மட்டும் அரித்து எடுக்கும், மரைக்குச் சேதம் வராது.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

காஸ்டிக் சோடாவும், அது கலந்த அடைப்பு நீக்கித் தூளும் அலுமினியத்தைத்தான் தின்னும், எஃகை விட்டுவிடும். கழிவறை ஆசிட்டும் அலுமினியத்தின் மேல் பொங்கிப் பாயும். முறிந்த டேப்பை எடுக்க அதற்குள் ஈஸி அவுட் போட முயல்வது வீண், துளைக்கவே முடியாததற்குள் எதைத் திருகுவது? ஓட்டையை வெல்டிங்கால் அடைப்பதும் கூடாது. அந்தச் சூட்டில் சுற்றுவட்டாரத்தின் வலு பெருமளவு இறங்கிவிடும். காற்று அடிக்கும் நாளில் மரம் மடங்க அந்த இடமே காரணமாகலாம்.

துண்டு வெளியே வந்த பிறகு

ஓட்டையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் ரிக்கிங் வேலை தெரிந்தவரைக் கேட்காமல் மேலே எதுவும் செய்யாதீர்கள். விரிசல் இல்லையென்றால், அடுத்த அளவு டேப் போடுவதற்கு முன்பு ஒரு விஷயத்தை யோசியுங்கள். 3 மி.மீ. சுவரில் எம்6 டேப் வெட்டுவது வெறும் 3 மரை. லேசான கண்ணிக்கோ கம்பி கிளிப்புக்கோ அது போதும். வின்ச்சையோ பாரம் இழுக்கும் எதையுமோ அதில் மாட்டக் கூடாது. அந்த ஓட்டைகளில் பலவற்றுக்கு மரையே போட்டிருக்கக் கூடாது, ரிவெட் அடித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மோனல் ரிவெட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட்டின் எஃகு ஊசி மரத்துக்குள் விழுந்து துருப்பிடிக்கும். பாரம் அதிகமென்றால் பின்தகடு வைக்க வேண்டும்.

புது ஓட்டை போடுவதானால் பழையதற்கு நேர் பக்கத்தில் போடாதீர்கள். மரத்தைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓட்டைகள் வரிசையாக நின்றால் மரம் அந்தக் கோட்டில் மடியும். மேலும் கீழுமாக விலக்கிப் போடுங்கள். ஸ்ப்ரெடர் பொருந்தும் இடம், கூஸ்நெக், டெக்கைக் கடக்கும் இடம் ஆகியவற்றை விட்டு விலகியே இருங்கள்.

மறுபடி டேப் போடும்போது:

1. முன்னோட்டையின் அளவு: எம்5க்கு 4.2, எம்6க்கு 5.0, எம்8க்கு 6.8 மி.மீ. கைக்குக் கிடைத்த சிறிய பிட்டைப் போட்டதுதான் பாதி முறிவுகளுக்குக் காரணம்.
2. பிட்டில் தடுப்பு வளையம் மாட்டுங்கள். உள்ளே இருக்கும் கம்பியைத் துளைக்காமல் நிற்கும்.
3. அலுமினியம் பிசுபிசுத்து ஒட்டும் உலோகம். மண்ணெண்ணெயைத் தாராளமாக விடுங்கள்.
4. அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். துகள் முறிந்து விழுந்தால்தான் டேப் முறியாமல் இருக்கும்.
5. கைப்பிடியின் இரு பக்கமும் ஒரே அளவு அழுத்துங்கள். ஒற்றைக் கையால் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றுவது டேப்பை வளைக்கும்.

போல்ட்டை மாட்டும் முன் மரையில் டெஃப்-ஜெல் அல்லது டூராலாக் என்ற அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவுங்கள். கடல் உப்பு படும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்து, வெண்பொடி பூத்து, போல்ட்டை இறுக்கும். பட்டறைகளில் போல்ட்டுக்குத் தடவும் செம்புப் பசை இங்கே உதவாது, செம்பு அரிப்பை இன்னும் தூண்டிவிடும். பொருத்திய பாகத்துக்கும் மரத்துக்கும் நடுவிலும் மெல்லிய நைலான் தகடு வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு போல்ட்டையும் கால் சுற்று தளர்த்தி, மீண்டும் இறுக்கிவிடுங்கள். இறுகிப் போகத் தொடங்கியது எது என்பது அப்போதே கைக்குத் தெரிந்துவிடும், ஈஸி அவுட்டைத் தேடும் நிலையும் வராது.